மார்லின் எங்கள் ஊரவர்தான்

திங்கட்கிழமை காலை, பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது நிரோஷா தொலைபேசியில் அழைத்தாள். "ரீச்சர், அம்மா எங்கள விட்டுப் போயிற்றா" என்றாள். நோயில் விழும்வரை அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவர் அவளுடைய அம்மா மார்லின்தான்.

செட்டிபாளையத்தில் மார்லினைத் தெரியாதவர் இல்லை. பிலிப்பைன்ஸில் பிறந்தவர். குவைத்தில் வேலை செய்தபோது எங்கள் ஊர் சிவநேசனைச் சந்தித்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டு இங்கே வந்தார். வருடம் தவறாமல் கொழும்புக்குப் போய் வீசாவைப் புதுப்பித்தார். "நான் களவா வந்த ஆளில்ல ரீச்சர். சட்டப்படி வந்தன், சட்டப்படி இருக்கன்" என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

சிவநேசன் நெஞ்சுவலியில் இறந்த பிறகு, அரச நலன்புரிக் கொடுப்பனவுக்காக வீட்டைப் பார்க்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். நானும் அங்கே இருந்தேன். கூரை, கிணறு, அடுப்படி எல்லாம் பார்த்தார். மார்லினிடம் தேசிய அடையாள அட்டை இல்லை என்றதும், "அப்ப இந்த வீட்டில மகள் மட்டும்தான் கணக்கு" என்றார்.

மார்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அவளுக்குச் சோறாக்கிறது ஆரு சேர்?"

அவர் படிவத்தில் ஒருவர் என்று எழுதினார்.

வெள்ளம் வந்த வருடம், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த அத்தனை பேருக்கும் மார்லின்தான் முன்னின்று சமைத்தார். தண்ணீர் வடிந்து உலர் உணவு கொடுத்தபோது அந்த வீட்டுக்கு மகளின் பங்கு மட்டும் வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் சத்தம் போட்டார்கள். அவர்களை அடக்கியதும் மார்லின்தான்.

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும்படி, எங்கள் ஊரவர்களாகிய உங்களில் பலர் சொன்னீர்கள். விண்ணப்பித்தார். பிறப்புப் பதிவை அந்த நாட்டில் உறுதிப்படுத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தப் பத்திரம் வந்து சேர்ந்தபோது, அதன் திகதி பழையதாகிவிட்டது என்றார்கள். இதற்கிடையில் அவருடைய சிறுநீரகம் பழுதானது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு செய்தார்கள். குறை சொல்ல முடியாது. போய்வரும் செலவுக்காக நோயாளர் உதவித்தொகை கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனோம்.

"பிரஜையில்லாத ஆக்களுக்குச் சட்டத்தில இடமில்ல ரீச்சர்" என்றார் மேசையில் இருந்தவர்.

நான் கத்திவிட்டேன். மார்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் மெதுவாகக் கேட்டார்: "சரி சேர். இல்லையெண்டுறத எழுதித் தாங்க. மேல எங்க கேக்கலாமெண்டு பாக்கிறன்."

"பிறகு வாங்க" என்றார். பிறகும் போனோம். ஒவ்வொரு முறையும் மார்லின் அதையே கேட்டார். ஒவ்வொரு முறையும் வாயால் மட்டும்தான் பதில். கடைசி மாதங்களில், பஸ்ஸில் போகத் தெம்பில்லாமல், ஓட்டோ பிடிக்க வழியில்லாமல், சுத்திகரிப்பையே தவறவிடத் தொடங்கினார்.

மார்லின் இறந்த பிறகு, போன வாரம், இந்தியாவிலிருந்து கிரானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு விதவையுடன் உதவித்தொகை கேட்டு அங்குள்ள பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனேன். அதே பதில்தான். எழுதித் தரச் சொன்னேன்.

"இதெல்லாம் எழுதிக் குடுக்கிறதில்ல ரீச்சர்."

"அப்ப நாங்க இருக்கம்" என்று இருவரும் மர வாங்கில் உட்கார்ந்தோம்.

கந்தோர் மூடும் நேரத்தில் ஒரு தாள் வந்தது, கையெழுத்தும் முத்திரையுமாக. மறுப்புத்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு இனி மேலே போகலாம். மார்லினிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, அப்படி எழுதித் தரச் சொல்லிக் கேட்கிற அந்தப் பழக்கம்தான். அவருக்கு அந்தத் தாள்கூடக் கிடைக்கவில்லை.