வெல்லம் குறைந்த ஜாடி

வைப்பின் தீவுக் கரையில் ரோசிலி, கணவன் வறீது போய்ச் சேர்ந்த பிறகுதான் மொட்டை மாடியில் வெண்டையும் பாகலும் வைத்தாள். உரத்துக்கு மத்தி மீனையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு ஊறவைக்க வேண்டும். அவளோ வெல்லத்தில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டாள். ஜாடியைத் திறந்ததும் தெருவே மூக்கைப் பொத்தியது.

"சேச்சி, இது செடிக்கு உரமா, எங்களுக்கு விஷமா?" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு சுபைதா. "அடுத்த தடவையாவது வெல்லத்தை அள்ளிப் போடுங்க!"

ரோசிலி ஜாடியை இன்னொரு முறை மோந்து பார்த்தாள். கடலிலிருந்து வந்த கையோடு வாசலில் நின்று, பால் விடாத கட்டன் சாயா கேட்கும் வறீதின் வாடை அது. "முதல்ல போய்க் குளிச்சிட்டு வா, மனுஷா!" என்று அன்றைக்கு விரட்டியவளும் இவள்தான்.

அடுத்த ஜாடிக்கு சுபைதாவே வெல்லம் கொடுத்தனுப்பினாள். ரோசிலி ஜாடியில் பழையபடி கொஞ்சமே போட்டு, மீதியில் பாயசம் வைத்து, அவளுக்கே ஒரு கிண்ணம் கொடுத்தாள்.