மேசையில் விட்டுவந்த சாப்பாடு

ரொறன்ரோவில் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கும் ஒரு பழைய வீடு. வெளியே பனி சத்தமின்றிக் கொட்டுகிறது. சமையலறையில் விறகடுப்பின் வெளிச்சம் மட்டும்தான். இஞ்சியும் கரும்புப் பாகும் மணக்க, எந்த நூற்றாண்டில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகிறது.

வெள்ளைத் தொப்பியும் நீளப் பாவாடையும் அணிந்த தொண்டர், கேக் வேகவைக்கும் செங்கல் போறணையிலிருந்து தணலை இழுத்துவிட்டு, வெறுங்கையை உள்ளே நீட்டித் தமிழில் எண்ணுகிறார். இருபதில் கையை எடுக்கிறார்.

“சூடு காணும், இனி வைக்கலாம்.”

நகரின் மோர்னிங்சைட் பகுதியிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து அன்ரி அவர். இன்று வேகப்போவது அமெரிக்காவின் ஆரம்பகால முதல் பெண்மணி ஒருவருடையதாகச் சொல்லப்படும் இஞ்சிக் கேக். 1813இல் அந்தப் பெண்மணியின் கணவரான ஜனாதிபதியின் படை இந்த ஊரை எரித்தது. அடுத்த வருடம் பிரிட்டிஷ் படை அவர் மாளிகையை எரிக்கப் போனது.

“சாப்பாட்டை மேசையில விட்டிட்டு ஓடினவ,” என்கிறார் அன்ரி, மாக்கலவையைத் தட்டில் ஊற்றியபடி. “வந்த ஆமிக்காரர் இருந்து வடிவாச் சாப்பிட்டிட்டுத்தான் நெருப்பு வச்சவங்கள்.”

“பாவம் அந்த அம்மா.”

அன்ரி தட்டை உள்ளே தள்ளிப் பலகைக் கதவைச் சாத்துகிறார். கை கதவிலேயே இருக்கிறது.

“நானும் சோறு வடிச்சு, மீன்குழம்பு இறக்கி வச்சிட்டு, ஆமி வருதெண்டு வீட்டை விட்டு வெளிக்கிட்டனான். மூடி வைக்கக்கூட நேரமில்லை. முப்பது வரியமாச்சு.”

அன்ரி கதவிலிருந்து கையை எடுக்கிறார்.

“அவவுக்கு ஆர் சாப்பிட்டதெண்டாவது தெரியும்,” என்கிறார்.