சூரைக்கு ஐஸ் போடாத நாள்

பசங்களா, நேற்று சாயங்காலம் சின்னவள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்: “மீன்கள் குளிர் இரத்தப் பிராணிகள்.” நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பரீட்சையில் அப்படியே எழுதுங்கள். எட்டாவதோடு நின்ற அப்பா பேச்சைக் கேட்டு மார்க்கை விடவேண்டாம். ஆனால் சூரை மீன் அந்த வரிக்குள் அடங்காது.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்குக் காசிமேட்டில் ஒரு விசைப்படகில் ஐஸ் உடைக்கிற வேலை. கரை திரும்பும்போது படகுக்குப் பின்னால் தூண்டில் கட்டி இழுப்போம். சூரை கடிக்கும். முதல்முறை கையில் பிடித்தபோது பயந்துபோனேன். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டமாதிரி இருந்தது.

“இன்னாண்ணே, சுடுது?”

“அது நிக்கவே நிக்காதுடா. நின்னா மூச்சு முட்டிப் பூடும். அவ்ளோ ஓடுனா சுடாம இன்னா பண்ணும்?” என்றார் படகோட்டும் டிரைவர் அண்ணன்.

நிஜம்தான். வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளுக்குத் தண்ணீர் போகும். நாங்கள் பிடித்த வகைக்கு வயிற்றில் காற்றுப்பையும் கிடையாது, நின்றால் மூழ்கும். வேகமெடுக்கும்போது முதுகுத் துடுப்பைக் குடைபோல மடக்கி ஒரு பள்ளத்தில் வைத்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து ஓட்டம். இப்போதெல்லாம் அந்த மீனை நினைத்தாலே எனக்குக் கால் வலிக்கிறது. ஓடி ஓடிச் சதை கருஞ்சிவப்பாகி, கடலைவிடச் சூடாக இருக்கும். செத்த பிறகும் சூடு உள்ளேயே கிடக்கும். பிடித்த உடனே ஐஸில் புதைக்கவேண்டிய மீன் அது. எங்கள் வழக்கமோ நேர்மாறு. விலைபோகிற இறாலுக்கு ஐஸ், சூரைக்கு ஈரச் சாக்கு.

ஒருநாள் ஐஸ் குறைவு. விடியலில் கிடைத்த சூரைக்குக் கொஞ்சம் போடட்டுமா என்று டிரைவர் அண்ணனிடம் கேட்டேன்.

“எறாவ மூடுடா மொதல்ல. சூரைக்கு இன்னா, மாப்ள ஊர்கோலமா?”

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மதியம் வரை வெயிலில் கிடந்தது. வீட்டுக்கென்று என் பங்காகக் கொடுத்த நாலு மீனைச் சபுரா அக்காவிடம் கொண்டுபோனேன். புருஷன் இறந்த பிறகு மூன்று பிள்ளைகளுக்காகத் துறைமுகத்துப் பின்சந்தில் இரண்டு பெஞ்சு போட்டுச் சோற்றுக்கடை தொடங்கியிருந்தார். எனக்கு எப்போதும் ஒரு கரண்டி கூடத்தான் விழும்.

செவுளைத் தூக்கிப் பார்த்தார். “செவப்பாதான் கீது. எப்போ புடிச்சது?”

“இப்போதான்க்கா.”

அந்த மீன் குழம்பைச் சாப்பிட்ட அரைமணியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது.

“ஏக்கா, கொயம்புல காஞ்சொறி எல போட்டியா?”

“மசாலாவுல இன்னாத்த கலந்த?”

ராத்திரிக்குள் தடிப்பு இறங்கிவிட்டது. கடைக்கு விழுந்த கெட்ட பேர் இறங்கவில்லை.

“நீயே சொல்லு நைனா, கயுவாத சட்டிலயா ஆக்குறேன்?”

“இல்லக்கா.” சொல்லிவிட்டுப் படகுக்குத் திரும்பிவிட்டேன்.

சூட்டில் கிடந்த சூரையில் ஒரு நஞ்சு ஊறும், பார்த்தால் தெரியாது, கொதித்தாலும் போகாது என்று பல வருஷம் கழித்து மீன்வளத்துறை ஆள் ஒருவர் சொன்னார். அன்றைக்கு எனக்கு நஞ்சு தெரியாது. பொய் சொன்னது தெரியும்.

அக்கா சில நாள் சோற்றை வடித்துவைத்துக் காத்திருந்தார். பிறகு பிள்ளைகளோடு மாத்தூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடிப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தப் படகை உடைத்துவிட்டார்கள், டிரைவர் அண்ணனும் இல்லை. சூரைக்கு இப்போது முதல் ஆளாக ஐஸ் போடுகிறார்கள்.

இன்று மதியம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அந்தச் சந்துக்குப் போனேன். பெஞ்சு கிடந்த இடத்தில் லாரி டயருக்குக் காற்றடிக்கிற கடை. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அடுப்பு இருந்த மூலையைப் பார்த்து நின்று, “தப்பு என்னுதுக்கா” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். பிறகு பஸ் ஏறி வந்துவிட்டேன்.