ஆறு வேகமாம், துரை சொல்கிறார்

சென்ற மாதம் கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பெனி ஆபிஸில் மேசையைத் தட்டிக் கத்திவிட்டேன். கிளார்க்மார் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இதைப் படித்தால் வெள்ளவத்தையில் என் மனைவி ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டாள்... ஆனாலும் எழுதத்தான் போகிறேன். கோபம் இன்னும் இறங்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் ரெஜினா அக்கா என்று ஒருவர் இருக்கிறார். கணவர் இறந்த பிறகு அவருடைய லோஞ்சைத் தானே நடத்துகிறார். மட்டக்குளிக்கும் ஹெந்தளைக்கும் இடையே களனி ஆற்றில் ஆட்களை ஏற்றி இறக்கும் லோஞ்சு. அகலமான, பாரமான மரப்படகு. ஆட்கள், தேங்காய், மரக்கறிக் கூடை, சில நாள் ஆடும் ஏறும். சுக்கான் பிடிப்பவர் காதர் நானா. அக்காவின் கணவர் காலத்து ஆள்.

பழைய எஞ்சின் செத்துப்போனது. அக்கா அந்தக் கம்பெனியில் புது எஞ்சின் வாங்கினார். பளபளவென்று வந்து இறங்கியது. கம்பெனித் துரையே நின்று பூட்டுவித்தார்.

பிறகு மழை பிடித்தது. களனி செம்மண் நிறத்தில் பெருகி ஓடியது. ஒரு காலை ஹெந்தளைக் கரையில் லோஞ்சு நிறைய ஆட்கள். அவர்களில் ஒருத்திக்குப் பிரசவ வலி. கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். நடு ஆற்றுக்கு வந்ததும் எஞ்சின் ஊளையிட்டது, பின்னால் நுரை கிளம்பியது, படகு மட்டும் முன்னே போகவில்லை. மெல்ல மெல்லக் கடல் வாயை நோக்கிச் சறுக்கத் தொடங்கியது.

கடலுக்குள் போயிருந்தால்? நினைக்கவே வேண்டாம். காதர் நானா படகைத் திருப்பி, முகத்துவாரத்து மணல் திட்டில் வேண்டுமென்றே ஏற்றிவிட்டார். மீன்பிடிகாரர்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து சேருமுன் அந்த மணலிலேயே, பெண்கள் சுற்றி நின்று பிடித்த குடைகளுக்குள், பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். அது கடவுள் செய்தது. கம்பெனி செய்ததல்ல.

கம்பெனித் துரை என்ன செய்தார் தெரியுமா? எஞ்சினை ஒரு பார்வை பார்த்தார். "உங்கள் டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை, ஆளை மாற்றுங்கள்" என்று இங்கிலீஷில் தீர்ப்புச் சொன்னார். பயந்துபோயிருந்த அக்கா காதர் நானாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

பத்தி எழுதாத நேரத்தில் நான் படகு எஞ்சின்களோடு மாரடிக்கிறவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதனால் நானா என்னைத் தேடி வந்தார்.

"வேல போனா வேற வேல தேடிக்கொள்ளலாம் ஐயா," என்றார். "சனத்த சாகடிக்கப் பாத்தவன்னு ஊருல செல்லுறாங்க. அதத்தான் தாங்க ஏலாம ஈக்குது."

அடுத்த நாளே போய்ப் படகின் அடியைப் பார்த்தேன். சின்னஞ்சிறு புரொபெல்லர். நடுவில் கியர் எதுவும் இல்லாமல் எஞ்சினோடு நேரே பூட்டியிருக்கிறது. எஞ்சின் சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றும். பந்தயம் ஓடும் இலேசான படகுக்குச் சரி. பாரப் படகுக்கு?

அண்டா நிறையக் கூழைத் தேக்கரண்டியால் கிண்டிப் பாருங்கள். எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் கரண்டியைச் சுற்றித்தான் கலங்கும், கூழ் அசையாது. பெரிய அகப்பையை மெதுவாகப் போட்டு இழுத்தால் அண்டாவே புரளும். பாரப் படகுக்கு அகப்பைதான் வேண்டும் — பெரிய புரொபெல்லர், அதை நிதானமாகச் சுற்றவைக்க ஒரு கியர். இதை அக்காவுக்கு விளங்கப்படுத்திவிட்டுத்தான் கோட்டைக்குப் போனேன்.

"படகின்ர பாரம் என்னண்டு கேட்டனீங்களோ?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"இது முதல் தரமான எஞ்சின்," என்றார் துரை.

"ஆத்தைப் பார்த்தனீங்களோ?"

"ஓட்டிப் பார்த்தோம். அம்பு மாதிரிப் போனது."

எங்கே ஓட்டினார்? துறைமுக அணைக்குள், தேங்கிய தண்ணீரில். யாரை ஏற்றிக்கொண்டு? தன்னையும் ஒரு மெக்கானிக்கையும். அப்போதுதான் மேசையைத் தட்டினேன். ஆற்றுக்கு வந்து, பாரம் ஏற்றி, நீரே ஓட்டிக் காட்டும் என்றேன். கிளார்க்மார் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை.

வந்தார். லோஞ்சு நிறைய மணல் மூட்டை ஏற்றினோம். நான் கூட்டிவந்த காதர் நானா கரைத் தென்னையில் நீளக் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி, மறு நுனியைப் படகில் கட்டினார். சுக்கானைத் துரையே பிடித்தார். அக்கா, நானா, நான் மூவரும் ஏறிக்கொண்டோம்.

எஞ்சின் கத்தியது, நுரை பொங்கியது. கரையில் ஒரு தேத்தண்ணிக் கடை எங்களுக்கு நேராகவே நின்றது. பிறகு அந்தக் கடை எங்களை விட்டு முன்னே போனது... நாங்கள் பின்னே போனோம். கயிறு இறுகி இழுத்தபோது துரையின் முகத்தில் இரத்தம் இல்லை.

"ஆறு மிகவும் வேகம்," என்றார்.

ஆற்றின் மேலேயே பழியைப் போட்டுவிட்டார், மகராசன். அதோடு நிற்கவும் இல்லை. இதைவிடப் பெரிய எஞ்சின் ஒன்று கம்பெனியில் இருக்கிறதாம், வாங்கினால் சரியாகிவிடுமாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டார்: "எஞ்சினைப் பெரிசாக்கினால் கரண்டி பெரிசாகுமோ, துரை?"

துரைக்கு விளங்கவில்லை. நான் மொழிபெயர்க்கவும் இல்லை.

எஞ்சினை மாற்றவில்லை. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் புரொபெல்லர் தண்டு ஒரு சுற்று மட்டும் சுற்றும்படி கியர் வைத்தோம். அகன்ற இதழோடு பெரிய புரொபெல்லர் போட்டோம். அது சுற்ற இடம் போதாமல் படகின் பின்கட்டையைச் செதுக்க வேண்டியிருந்தது. ஆறு இன்னும் பெருகித்தான் ஓடுகிறது. லோஞ்சு முழுப் பாரத்தோடு போகிறது. எருமை மாதிரி மெதுவாக, ஆனால் போகிறது.

காதர் நானா சும்மா வேலைக்குத் திரும்பிவிடவில்லை. அக்கா வீடு தேடிப் போய்ப் பிழையை ஒப்புக்கொண்டு கூப்பிட்டபோது, "எனக்கிட்ட செல்ல வேணாம். துறையில, சனத்துக்கு முன்னுக்கு செல்லுங்க," என்றார். அக்கா சொன்னார். ஹெந்தளைத் துறையில் எல்லோரும் கேட்க, "பிழை நானாவில இல்லை, நான்தான் அவசரப்பட்டனான்" என்றார். அதைச் சொல்ல ஒரு மனம் வேண்டும்.

கம்பெனி? அதே எஞ்சின், அதே தேக்கரண்டியோடு, 'எல்லாப் படகுகளுக்கும் ஏற்றது' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இன்றும் கண்ணாடி ஜன்னலுக்குள் நிற்கிறது.

இந்தத் தீவில் நமக்கு எது ஏற்றது என்று தீர்மானிக்கிறவர்கள் யாரும் தாமாக நம்மோடு படகில் ஏறுவதில்லை.