கெடுபிடியின் பத்து நிமிடம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று மூன்று மாடி லிப்ட் உதிரிபாகக் கிடங்கு என்னுடையது. ஆனால் அங்கே எல்லோரும் பயப்படுவது என் மூத்த மருமகளுக்குத்தான். பட்டப்பெயர் கெடுபிடி. நான் வைத்ததுதான்.

எந்தப் பெட்டி எந்த அலமாரியில் என்பது கம்ப்யூட்டரில் அவள் வைத்திருக்கும் டேபிளில் இருக்கும். இடத்தை மாற்றிப் பதிந்தால், பழைய இடம் தானாகவே வரலாற்று டேபிளுக்குப் போய்விடும். யாரும் மழுப்ப முடியாது.

மூன்றாவது மாடி கட்டியதும் அலமாரி எண்ணுக்கு மூன்று எழுத்து போதவில்லை. ஐந்து வேண்டும்.

"ரெண்டு டேபிள்லயும் அந்தக் கட்டத்தை அகலமாக்கணும் மாமா. அதுவரைக்கும் வரலாறு எழுதுறத நிறுத்தி வைக்கணும். பத்து நிமிஷம் யாரும் எதையும் தொடக்கூடாது."

அவளுடைய அறை மேல் என் இளைய மகனுக்கு நெடுநாளாகக் கண்.

"ஒரே ஒரு பெட்டியோட தடம் தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"அறைச் சாவி உங்களுக்குத்தான் தம்பி."

முதலில் டேபிளை நகல் எடுத்துக்கொண்டாள். பிறகு துணிக்கூடையோடு மேசை மேசையாகப் போய் எல்லோர் கீபோர்டையும் பிடுங்கினாள். என் அறைக்கு மட்டும் வரவில்லை. என்னிடம் கேட்க யாருக்குத் துணிச்சல்?

பத்து நிமிடம் சும்மா உட்கார எனக்குத் தெரியாது. உட்கார்ந்திருந்தால் இந்தக் கிடங்கு ஏது? காலையில் நானே இடம் மாற்றி வைத்த பிரேக் பெட்டி நினைவுக்கு வந்தது. அதைப் பதிந்தேன்.

முதல் டேபிள் முடிந்ததும் நகலோடு ஒப்பிட்டாள். முகம் சுருங்கியது. "பிரேக் பெட்டி இடம் மாறியிருக்கு. வரலாறுல ஒரு வரிகூட இல்ல."

இளையவன் கையை நீட்டினான். அவளும் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துவிட்டாள்.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்தவர் தலையில் பழி போட்டு நான் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை.

"நான்தான்மா மாத்துனேன்" என்றேன்.

இளையவன் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

கெடுபிடி சாவியை மறுபடி இடுப்பில் செருகினாள். நகலைப் பார்த்து, விட்டுப்போன வரியைத் தன் கையாலேயே வரலாற்றில் சேர்த்தாள். பிறகு கூடையை என் முன் வைத்தாள்.

"இன்னொரு டேபிள் பாக்கி இருக்கு மாமா."

கீபோர்டைப் போட்டேன். இந்தக் கிடங்கில் என்னிடமிருந்து ஒரு பொருளைப் பிடுங்கியவள் அவள் ஒருத்திதான்.