உறைபனியைத் தாண்டிப் பழுத்த புடலங்காய்

செய்தி வந்தபோது நான் கைபேசியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் இரவில் உறைபனி இல்லை என்று இருந்தது. அதை வசந்தி அன்ரிக்கு எழுதத் தொடங்கியிருந்தேன். அம்மா வந்து, "வசந்தி அன்ரி விடிய நித்திரையிலேயே போயிட்டாவாம், பிள்ளை" என்றார். அந்தப் பாதிச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

இன்று அவரை நினைவுகூரும் உங்களில் பலருக்கு அவர் பாரிஸ் லா சப்பல் உணவகச் சமையலறையில் சத்தமாகச் சிரிக்கும் வசந்தியக்கா. எனக்கு அவர் தோட்டப் பங்காளி. பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலில், ஒரு கூட்டுத் தோட்டத்தில் அவருக்குச் சிறு துண்டு நிலம் கிடைத்தது. தோட்டக்கலைப் புத்தகங்களை நூலகத்திலிருந்து அள்ளிவரும் பிள்ளை என்று அம்மா சொன்னதால் என்னையும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு ஒரே ஆசைதான்: புடலை இங்கே காய்த்து, பழுத்து, விதையும் தரவேண்டும். "அக்கா, இந்தக் குளிருக்கு மனுசரே விறைக்கிறம், புடலை காய்க்குமே?" என்று ஒரு கடைக்கார அண்ணை சிரித்ததிலிருந்து அந்த ஆசை பிடிவாதமாகிவிட்டது.

முதல் வருடம், ஜன்னலோரம் வளர்த்த கன்றுகளைச் சித்திரை வருடப்பிறப்பன்று நல்ல நேரம் பார்த்து வெளியே நடப் புறப்பட்டார். நான் தடுத்தேன். மே நடுப்பகுதியில் "பனிப் புனிதர்கள்" என்று பிரெஞ்சுக்காரர் சொல்லும் மூன்று நாட்கள் கழியும்வரை இங்கே யாரும் மென்மையான கன்றுகளை வெளியே நடுவதில்லை.

"அன்ரி, பஞ்சாங்கத்துக்கு இஞ்சத்தைக் குளிர் தெரியாது."

"நீ புத்தகத்தைப் பிடி. நான் மண்வெட்டியைப் பிடிக்கிறன்."

அவர் நட்ட அந்த வாரமே உறைபனி விழுந்தது. கன்றுகள் அவித்த கீரைபோல் கறுத்துச் சரிந்து கிடந்தன. அன்ரி இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல நேரம்தான். புடலைக்கில்லை, பனிக்கு!" என்றார்.

அடுத்த வருடம் நான் இலையுதிர்காலத்தின் முதல் உறைபனியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். விதைக்காகப் பழுக்கவேண்டிய புடலைக்கு ஒரு முழுக் கோடையும் போதாது. மே மாதத்தில் விதைத்தால் காய் பிஞ்சிலேயே பனியில் மாட்டும். ஏப்ரலில் வீட்டுக்குள் சட்டியில் விதைத்து, மே நடுவில் வெளியே நடவேண்டும். அன்ரி கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். "அப்ப வருசப்பிறப்பு நல்ல நேரத்திலேயே விதைக்கலாம்! வீட்டுக்குள்ளை எந்தப் பனி வரும்?" எங்கள் இருவரின் நாட்காட்டிகளும் ஒன்றாகப் பொருந்திய அந்த நிமிடத்தில் நானும் சேர்ந்து கத்தினேன்.

மே மாதம் கன்றுகளைப் பைகளில் வைத்து ரயிலேறினோம். "கவனம், பிள்ளையள் வருகினம்!" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நெரிசலில் வழி எடுத்தார். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அன்ரி அதில் சட்டிகளை இருத்திவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

கோடையில் காய்கள் சுருளாமல் நீள, நுனியில் சிறு கல் கட்டினோம். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியால் எட்டிப்பார்த்து, தண்டனையா என்று கேட்டார். "இல்லை மெசியு, பள்ளிக்கூடம்!" என்றார் அன்ரி.

ஒக்டோபர் கடைசியில் உறைபனி எச்சரிக்கை வந்தது. விதைக்கு விட்டிருந்த ஒரே காய் பாதிதான் சிவந்திருந்தது. அன்ரியின் வேலை முடிந்ததும் ஓடினோம். அன்ரி தன் குளிரங்கியைக் கழற்றிக் காயைச் சுற்றிக் கட்டினார்.

"உங்களுக்குக் குளிரும், அன்ரி!"

"எனக்கு வாய் இருக்கு, குளிருதெண்டு சொல்லுவன். அதுக்கு வாயில்லை."

மறுநாள் சுற்றியிருந்த தக்காளிச் செடிகளெல்லாம் கருகியிருந்தன. நான் அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். காய் உறுதியாக இருந்தது! சில நாட்களில் அது முழுவதும் பழுத்தது. சிவந்த சதைக்குள் விதைகள். அவற்றைத்தான் இந்த வருடப்பிறப்பன்று விதைத்தோம்.

கன்றுகள் மூன்றாம் இலை விட்டபோது அன்ரி இல்லை. அவருடைய கணவர் ஜன்னலைக் காட்டி, "பிள்ளை, இதுகளை இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார். "மே நடுவரைக்கும் உள்ளுக்கை வைச்சிருப்பம், அங்கிள். பிறகு நடுவம்" என்றேன். போன சனிக்கிழமை நட்டோம். அங்கிள் மண்ணை அணைக்க, நான் தண்ணீர் ஊற்றினேன்.

காத்திருக்க எனக்கு முன்பே தெரியும். புத்தகங்கள் அதைத்தான் சொல்கின்றன. காத்திருக்கும் நாட்களில் நிலைகொள்ளாமல் துடிக்கும் அந்த ஆவல் அன்ரியுடையது. அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலை, முதல் வகுப்பு தவறிவிடும் என்று தெரிந்தும், ரயிலேறி லெ பிளாங்-மெனிலுக்குப் போனேன். ஒரு கொடி கம்பைப் பிடித்துவிட்டது.