அண்டாக்கள் தங்கும் விடுதி

சாந்தி மேரியின் குரலைத் தெரியாதவர் எங்கள் ஊரில் இல்லை. ஆளைத்தான் பலருக்குத் தெரியாது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "வாக்காளப் பெருமக்களே" என்று ஒரு பெண் குரல் தெருவுக்குள் நுழைந்தால் அது அவருடையதுதான். துணிக்கடைத் தள்ளுபடி, குடிநீர் வராத நாள், எதுவானாலும் அதே குரல். பகலில் எங்கள் அரசு கலைக் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் துப்புரவுப் பணி. வேதியியல் ஆய்வகத்தைக் கழுவித் துடைப்பவர் அவர், அதே ஆய்வகத்தில் பாடம் எடுப்பவன் நான். எனக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். பதினோரு வருடமாக அந்தக் கௌரவத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் அலைகிறேன்.

சாந்தி மேரிக்குச் சொந்த ஊர் வரதராசன்பேட்டை. பன்னிரண்டு வயதில் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க ஆரம்பித்தவர். ஏலாக்குறிச்சித் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போகும் பிள்ளைகளுக்காக மைக் பிடித்துக் கூப்பிட்டதும் அவர்தான். "நீலச் சட்டை போட்ட மூன்று வயதுப் பையன் மேடை அருகே இருக்கிறான், உரியவர் உடனே வந்து அழைத்துச் செல்லவும்." அடுத்த நிமிடம் ஒரு தாய் ஓடி வருவாளாம். கணவர் இறந்தபின் பிழைப்புக்காக எங்கள் ஊருக்கு வந்தார். அசோக் என்பவரின் ஒலிப்பதிவு அறையில் விளம்பரம் பேச ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் அவர் ஊரின் குரலானார்.

"மைக்ல பொய் சொன்னா புள்ள கெடைக்காது சார்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "அதனால எனக்கு மைக்ல பொய் சொல்லிப் பழக்கமில்ல."

நகராட்சித் தேர்தல் வந்தது. தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாலும், வைத்திலிங்கம்தான் தலைவர் வேட்பாளர் என்று கட்சி முன்பே முடிவு செய்துவிட்டது. அவர் கல்லூரியைக் கையில் எடுத்துக்கொண்டார். கல்லூரிக்குக் கூடுதல் நிதி வாங்கித் தருவாராம். எல்லா மாணவர்களுக்கும் தேர்வுக் கட்டணத்தை நகராட்சியே கட்டுமாம். மதியச் சாப்பாடு போடுவாராம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்லூரிக்குப் பணம் கொடுப்பது மாநில அரசு. நகராட்சித் தலைவர் தலைகீழாக நின்றாலும் அங்கே ஒரு பெஞ்சு வாங்கிப் போட முடியாது.

ஆனால் ஒன்று மட்டும் அவரால் முடியும். கல்லூரிக்குப் பின்னால் நகராட்சியின் பழைய பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டடம் சும்மா கிடந்தது. ஆறு அறை, கிணறு, சுற்றுச்சுவர் எல்லாம் இருந்தன. அதை ஆறே மாதத்தில் மாணவிகள் தங்கும் விடுதியாக மாற்றுவேன் என்றார். அந்த வரியைச் சாந்தி மேரி ஆட்டோவில் பேசினார். பதினெட்டு வார்டிலும் அது ஒலித்தது. எழுதிக் கொடுத்ததைப் பேசினோம் என்று இல்லாமல், அவர் அதை நம்பிப் பேசினார்.

நம்பிய இன்னொருத்தி பூங்குழலி. உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பெண். என் வகுப்பில் உப்புப் பகுப்பாய்வில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆய்வகம் முடிய நாலரை ஆகும். அவள் ஊர்ப் பேருந்து நாலு இருபதுக்கே போய்விடும். அடுத்தது ஆறே முக்காலுக்கு. இறங்கியபின் இரண்டு கிலோமீட்டர் முந்திரிக்காட்டுக்குள் நடை. இருக்கிற அரசு விடுதியில் இடமில்லை என்று இரண்டு முறை கையை விரித்துவிட்டார்கள்.

"ஆறு மாசம் பொறுத்துக்கப்பா, விடுதி வருது" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். யார் சொன்னது என்று அவர் கேட்டதற்கு, "சாந்தி அக்கா மைக்ல சொன்னாங்க" என்றாளாம்.

ஆறு மாதம் போனது. பதினாறு மாதமும் போனது. வைத்திலிங்கம் தலைவராகி, காரும் மாறி, சால்வைக்குக் குறைவில்லாமல் இருந்தார். பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒருநாள் பூட்டு திறந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளே அண்டாக்கள். தலைவரின் மைத்துனர் கல்யாணச் சமையல் பாத்திரங்களை வாடகைக்கு விடுகிறவர். ஆறு அறையிலும் அண்டா, குண்டான், ஜல்லிக் கரண்டி. பூங்குழலிக்கு இல்லாத இடம் ஜல்லிக் கரண்டிக்கு இருந்தது.

மூன்றாம் ஆண்டு தொடங்கிய வாரம் அவள் அப்பா சிங்காரவேலு மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஆய்வக வாசலில் வந்து நின்றார். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, ஓட்டிலிருந்து வடியும் பாலில் வெந்து கறுத்துப்போன கைகள். திட்டத் தயாராக இருந்த நான் அந்தக் கைகளைப் பார்த்ததும் அடங்கிப்போனேன்.

"படிக்க வேணாம்னு சொல்லல சார்" என்றார். "இருட்டுல அந்தக் காட்டுக்குள்ள நடக்க வேணாம்னுதான் சொல்றேன். போன வாரம் ரெண்டு பசங்க பைக்ல பின்னாடியே வந்திருக்கானுவ. நான் வேலைய விட்டுட்டு தெனம் ரோட்டுல வந்து நிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

பூங்குழலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துடைப்பத்தோடு நின்ற சாந்தி மேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சார், வாங்க என்னோட" என்றார். நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தோம்.

தலைவர் உட்காரச் சொல்லவில்லை. "காலேஜ் கவர்மெண்டுதும்மா. முனிசிபாலிட்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"கட்டடம் முனிசிபாலிட்டிதுங்களே? நான்தானே மைக்ல சொன்னேன்" என்றார் சாந்தி மேரி.

"நீ காசு வாங்கிட்டுப் பேசுன. பேசுனவங்கல்லாம் கேள்வி கேக்க ஆரம்பிச்சா நாடு தாங்குமா?" என்று சிரித்தார் அந்த மனிதர். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கௌரவ விரிவுரையாளனின் வேலை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்பட வேண்டியது, கட்சிக்காரர் ஒருவர் சொன்னாலே நின்றுபோகும். அன்று நான் வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை என்மீது எனக்கே கோபம்.

திரும்பி வந்த சாந்தி மேரி நேராகச் சிங்காரவேலுவிடம் போனார். "அண்ணே, சான்றிதழ் கேக்காதீங்க. பாப்பா எங்கூட்டுல தங்கட்டும். சொன்னது நான், நான்தான் பாக்கணும்."

மாதா கோயில் தெருவில் அவர் வீடு தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. பூங்குழலி ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். அதைக் கேள்விப்பட்டு செட்டிகுளத்துப் பெண் பிரவீணா வந்தாள். ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு இன்னொருத்தியை எப்படிப் போகச் சொல்வது? பொங்கலுக்குள் நான்கு பேர். கூட்டிப் பெருக்கிச் சம்பாதிக்கிற ஒரு பெண் நாலு பெண்களுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருக்க, வாக்குக் கொடுத்தவன் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான். இதைச் சகித்துக்கொண்டு பாடம் எடுக்க நான் கல்லா மண்ணா?

போன மாதம் வீட்டுக்காரர் வந்தார். நான்கு பேரை வைத்துக்கொள்ள வீடு கொடுக்கவில்லை, மாதக் கடைசிக்குள் பெண்களை அனுப்பு என்றார். பூங்குழலிக்கு இறுதித் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. சாந்தி மேரி தெருத்தெருவாக வாடகைக்கு இடம் தேடினார். எதுவும் கட்டுப்படியாகவில்லை.

அந்த வாரம்தான் கட்சிக்காரர் ஒருவர் காகிதத்தோடு கல்லூரிக்கு வந்தார். தலைவர் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டு நிறைவு விழா அறிவிப்பைச் சாந்தி மேரி பேச வேண்டுமாம். அதில் மூன்றாவது வரியை நான் இரண்டு முறை படித்தேன். 'மாணவியர் தங்கிப் படிக்க வழிவகுத்த மாண்புமிகு தலைவர்.' அடப்பாவிகளா! சாந்தி மேரி வீட்டில் நாலு பெண்கள் தங்கியிருப்பதும் இவர்கள் கணக்கிலா?

"பேசாதீங்க சாந்தி" என்றேன்.

"பேசுறேன் சார்" என்றார்.

அசோக்கின் அறையில் எழுதியிருந்ததை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பேசினார். அதன் பின்னால் நாலைந்து வரி தாமாகச் சேர்த்தார். அசோக் கையெடுத்துக் கும்பிட்டார். "யக்கா, எம் பொழப்புல மண்ணப் போடாதீங்க."

"என் குரலு, நான்தான் பேசுனேன்னு சொல்லு. அவனுவ முழுசாக் கேக்கவா போறானுவ?"

கேட்கவில்லை. கட்சிக்காரர் 'மாண்புமிகு' வரும்வரை தலையாட்டிக் கேட்டார், பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜெயசீலனின் ஒலிபெருக்கி ஆட்டோ கிளம்பியது. பத்து மணிக்கு நான் ஆய்வகத்தில் இருந்தபோது அது கல்லூரித் தெருவுக்குள் வந்தது. மாண்புமிகு தலைவரின் புகழ் முடிந்தது. பிறகு அதே குரல், திருவிழாக் கூட்டத்தில் கூப்பிட்ட அதே நிதானத்தில்:

"மாணவியர் தங்கியிருக்கும் இடம்: மாதா கோயில் தெரு, சாந்தி மேரி வீடு. ஓர் அறை, நான்கு மாணவிகள், ஒரு மின்விசிறி. மாதக் கடைசியில் அவர்கள் தெருவில் நிற்கப் போகிறார்கள். நகராட்சி தருவதாகச் சொன்ன விடுதியில் தற்சமயம் அண்டாக்கள் தங்கியிருக்கின்றன. உரியவர் உடனே வந்து அழைத்துச் செல்லவும். சாவி தலைவரிடம் இருக்கிறது."

பூங்குழலி கையில் சோதனைக் குழாயோடு ஜன்னலுக்கு ஓடினாள். வகுப்பே ஓடியது. நான் தடுக்கவில்லை. ஆட்டோ வாசலில் நின்றது, ஜெயசீலன் இறங்கி, ஆய்வக வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த சாந்தி மேரியிடம் ஓடி வந்தார்.

"யக்கா, இப்பதான் முழுசாக் கேட்டேன். காலையிலேருந்து ஊரே சிரிக்குது, எதுக்குன்னு தெரியாம நானும் சிரிச்சிட்டு வரேன். நிறுத்திடவா?"

"சாந்தி, வேலை போயிடும்" என்றேன் நான்.

"இந்தப் புள்ளைங்க போறதுக்குப் பதிலா என் வேல போவட்டும் சார்." வாளியில் துணியைப் பிழிந்தபடியே ஜெயசீலனிடம் திரும்பினார். "எத்தன தெரு பாக்கி?"

"மூணு. தலைவர் வூட்டுத் தெருவும் அதுலதான் வருது."

"அதுக்கு மொதல்ல போ."